பாலத்துக்கு அப்பால் ஒரு பாலர் வகுப்பு

காலை நிகழ்ச்சி தொடங்கியதும் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பல, ஜொகூர் பாலத்தில் இருந்து வருபவை. பின்னணியில் மோட்டார் சைக்கிள்கள் இரைவதைக் கேட்டாலே தெரிந்துவிடும். "எங்கே வேலை?" என்று கேட்டால் தொழிற்சாலை, மருத்துவமனை, உணவகம் என்பார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு பதிலும் அடிக்கடி வருகிறது: "பாலர் பள்ளி டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன்."

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்றதும் வெள்ளைக்காரர் ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்வோம். அதற்குக் காரணமும் உண்டு. 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படைத் தொண்டூழியர்கள் நம் நாட்டுப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள். இன்று நம் தமிழ்ப் பெண்களே எல்லை தாண்டிப் போய் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களில் சிலருடன் பேசினேன்.

ஒரு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்

1924இல் திறக்கப்பட்ட பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் நம் பக்கம் ஒரு சோதனைச் சாவடி, அந்தப் பக்கம் இன்னொன்று. சிங்கப்பூரின் முழுநாள் பராமரிப்பு நிலையங்கள் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகின்றன. காலை முறையில் இருப்பவர், பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும்.

"நாலு மணிக்கு எழுந்திரிப்பேன் அக்கா. பசியாறுறது எல்லாம் பஸ்ஸிலதான். கிளம்பும்போது மகன் தூங்கிக்கிட்டிருப்பான். ஜேம் ஆயிட்டா, திரும்பி வரும்போதும் தூங்கிப் போயிருப்பான்" என்றார் ஸ்கூடாய் ஆசிரியை ஒருவர்.

வாசலில் முதல் வேலை உடல்நலச் சோதனை. காய்ச்சல் இருக்கிறதா, கையிலும் வாயிலும் கொப்புளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க வேண்டும். பிறகு எழுத்தொலிப் பயிற்சி, கதை, பாட்டு, சாப்பாடு, குளியல், மதியத் தூக்கம். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஆசிரியர்கள் அவர்களின் கற்றல் பதிவுகளை எழுதி, படங்களோடு பெற்றோருக்கு அனுப்புகிறார்கள்.

பிள்ளைக்கு முதல் மொழி, டீச்சருக்கு மூன்றாவது

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். ஆக, நான்கு வயதுப் பிள்ளை ஆங்கிலத்திலேயே கோபித்துக்கொண்டு, ஆங்கிலத்திலேயே அழுகிறது. அதைச் சமாதானப்படுத்தும் டீச்சரோ தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழுக்கும் மலாய்க்கும் பிறகுதான் அவருக்கு ஆங்கிலம்.

"முதல் மாதம் வாயைத் திறக்கவே பயம். ஒரு பெற்றோர் என் உச்சரிப்பைப் பற்றி முதல்வரிடம் கேட்டார். அன்றிலிருந்து மறுநாள் சொல்ல வேண்டிய கதையை வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்ப்பேன்" என்றார் மாசாயில் வசிக்கும் ஆசிரியை. இப்போது அவர்தான் புதியவர்களுக்குக் கதை சொல்லப் பழக்குகிறார். மூன்று மொழிக்காரர் என்பது அவருக்கு உதவியாகவும் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளை ஒன்று வகுப்பில் மௌனமாக இருந்தால், அந்தத் தவிப்பு அவருக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

சம்பளமும் அதன் விலையும்

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இங்கே 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

விலை எவ்வளவு என்பதை 2020 காட்டியது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் பாலம் வெறிச்சோடியது. மாசாய் ஆசிரியை ஒரு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் தங்கிவிட்டார். ஆகஸ்டில் தொடங்கிய சிறப்பு ஏற்பாட்டிலும், குறைந்தது 3 மாதம் வேலை செய்த பிறகே குறுகிய விடுப்பில் வீடு திரும்ப முடியும். "வகுப்பில் பதினைந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினேன். என் மகள் நடந்ததை போனில்தான் பார்த்தேன்" என்றார். 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லை முழுமையாகத் திறந்தது.

இன்னொரு இழப்பு நம் பக்கத்தில். அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பாலம் கடந்தால், ஜொகூரின் பாலர் பள்ளிகளில் யார் பாடம் நடத்துவது? பெற்றோர் கொடுக்கும் கட்டணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு போகிறது என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு

ஆங்கிலத் தேர்ச்சியும் பாலர் கல்வியில் தகுதியும் முக்கியம். சிங்கப்பூரில் இந்த நிலையங்கள் 2013இல் அமைக்கப்பட்ட பாலர் பருவ மேம்பாட்டு வாரியத்தின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். முகவருக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த உரிமத்தைச் சரிபாருங்கள். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளிதான்.

பலர் மறந்துவிடுவது ஓய்வுக்காலச் சேமிப்பை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. நம் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சுயமாகச் சந்தா செலுத்தலாம். ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. மாதம் சிறு தொகையாவது போட்டு வையுங்கள்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்படுகிறது. பயணம் சுமார் ஐந்து நிமிடம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். அதுவரை, இப்படி ஒரு டீச்சர் உங்கள் வீட்டில் இருந்தால் இரவுச் சமையலையும் பிள்ளையின் வீட்டுப் பாடத்தையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். நாள் முழுக்க ஊரார் பிள்ளைக்குக் கதை சொன்னவருக்கு, தன் பிள்ளைக்கும் ஒரு கதை சொல்ல அரைமணி நேரம் மிச்சமாகட்டும்.