பதிலாள் வழியே பேசும் இரு கணினி மொழிகள்

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும்; பால்காரருக்கு இந்தி மட்டும். நடுவில் பேரன் நின்று இரண்டு பக்கமும் சொல்லுவான். கணினி மொழிகளுக்கும் இப்படி ஒரு பேரன் தேவைப்படுகிறான்.

பைத்தான் 1991-லும் ஜாவா 1995-லும் வெளிவந்தவை. இரண்டும் தனித்தனி உலகங்கள். ஜாவாவில் பல ஆண்டுகள் எழுதி, சோதித்து வைத்த நிரல்களைப் பைத்தானில் திரும்ப எழுதினால் காலமும் வீண்; புதுப் பிழைகளும் புகுந்துவிடும். இதைத் தவிர்க்கும் உத்திதான் 'பதிலாள் பொருள்'.

'பை4ஜே' என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். ஜாவா பக்கம் ஒரு வாயில் திறந்து காத்திருக்கும். அதன் வழக்கமான எண் 25333. "ரேண்டம் வகுப்பில் ஒரு பொருள் செய்து கொடு" என்று பைத்தான் கேட்டால், ஜாவா அதைச் செய்து தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒரு அடையாளச் சீட்டை மட்டும் அனுப்பும். அந்தச் சீட்டை வைத்திருப்பவரே பதிலாள். நாம் பதிலாளிடம் "10-க்குள் ஒரு எண் கொடு" என்றால், அவர் சீட்டையும் கேள்வியையும் ஜாவாவுக்கு அனுப்பி விடையை வாங்கித் தருவார். எண்ணும் எழுத்துச்சரமும் நகலாக வரும். மற்றப் பொருள்களுக்குச் சீட்டுத்தான் வரும்.

வசதிதான், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு அழைப்பும் ஒரு போக்குவரத்து. பத்து லட்சம் உறுப்புள்ள பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டால் பத்து லட்சம் தடவை போய் வரணும்! கணக்கை ஜாவா பக்கமே முடித்து, விடையை மட்டும் கேட்பதே புத்திசாலித்தனம். பெருந்தரவுக்குப் பயன்படும் 'பைஸ்பார்க்' இந்தப் பை4ஜேயை வைத்துத்தான் கட்டளைகளை ஜாவா பக்கம் அனுப்புகிறது.

இன்னொன்று நினைவகம். பைத்தானில் பதிலாள் இருக்கும்வரை ஜாவா அந்தப் பொருளைத் தூக்கி எறியாது. தேவையில்லாத பதிலாள்களைச் சேர்த்து வைத்தால் ஜாவாவின் இடம் நிரம்பி நிரலே நின்றுபோகும்.

'ஜேபைப்' என்ற கருவி வேறு வழியில் போகிறது. ஜாவா இயந்திரத்தைப் பைத்தானின் செயலுக்குள்ளேயே குடிவைத்துவிடும். போக்குவரத்துச் செலவு குறையும். ஆனால் ஒரே கூரை என்பதால், ஜாவா இயந்திரம் விழுந்தால் பைத்தானும் சேர்ந்து விழும். ஒருமுறை நிறுத்திய ஜாவாவை அதே ஓட்டத்தில் மறுபடி தொடங்கவும் முடியாது.

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனதில் கொள்ளட்டும்: பேரனை அடிக்கடி ஓடவிடாமல், சொல்ல வேண்டியதை ஒரே தடவையில் சொல்லி அனுப்புங்கள்.