ஒரு படத்துக்கு நாலு கை!

கிராமத்து வீட்டு டெலிவிஷனுக்குப் பின்னால் நடக்கும் பேரம்

பொத்தானை அமுக்கினால் படம் வருகிறது. செய்தி வாசிக்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். வில்லியனூர்ப் பக்கத்துக் கூரை வீட்டிலும் வருகிறது. பாகூர்ப் பக்கத்து மாடி வீட்டிலும் வருகிறது.

இந்தப் படத்தை அனுப்புவது யார்?

"டெலிவிஷன்காரர்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது கால் பங்கு உண்மைதான். மீதி முக்கால் பங்கு வேறு மூன்று பேர் கையில் இருக்கிறது.

நிகழ்ச்சியைத் தயாரித்து ஒளிபரப்புகிறவர் ஒருவர். அதைச் செயற்கைக்கோள் வழியாகவோ கேபிள் வழியாகவோ ஊருக்குக் கொண்டுவருகிறவர் இரண்டாமவர். டெலிவிஷன் பெட்டி செய்கிறவர் மூன்றாமவர். பெட்டிக்குள் இருக்கும் நகம் அளவு 'சிப்' செய்கிறவர் நான்காமவர்.

நாலு பேருக்கும் வேறு வேறு தொழில். வேறு வேறு முதலாளி. வேறு வேறு லாபக் கணக்கு. நாலு பேரும் ஒரே முறைக்கு ஒத்துக்கொண்டால்தான் படம். ஒருவர் முரண்டு பிடித்தாலும் திரை இருட்டு!

ஏரித் தண்ணீர் மாதிரி

பாகூர் விவசாயிகளுக்கு இது புதிய பாடம் அல்ல. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஆறு ஒருவர் கையில். வாய்க்கால் ஒருவர் கையில். மதகு ஒருவர் கையில். வயல் இன்னொருவர் கையில். எல்லாரும் ஒரு முறைக்குக் கட்டுப்பட்டால்தான் கடைசி வயலில் நெல் விளையும்.

முறை தவறினால் என்ன ஆகும்? மேட்டு வயல்காரன் பிழைத்துக்கொள்வான். கடைமடைக்காரன்தான் வாடுவான்.

டெலிவிஷன் உலகிலும் அதே கதைதான். கம்பெனிகள் ஒத்துப்போகாவிட்டால் பணக்காரர் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்வார். கூலி வேலை செய்து பெட்டி வாங்கியவர் என்ன செய்வார்?

பிரான்சிலிருந்து வந்த கேசட்

ஒத்துப்போகாத காலம் ஒன்று இருந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதை எளிதாகச் சொல்லிவிடலாம். பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம் அல்லவா?

பிரான்சில் 1967ஆம் ஆண்டு கலர் டெலிவிஷன் வந்தது. அவர்கள் கையாண்ட முறைக்கு 'செகாம்' என்று பெயர். அதே ஆண்டு ஜெர்மனியில் 'பால்' என்ற வேறொரு முறை வந்தது. அமெரிக்காவிலோ 1953லேயே 'என்.டி.எஸ்.சி.' என்ற மூன்றாவது முறை வந்துவிட்டது. இந்தியாவில் 1982ல் கலர் வந்தபோது 'பால்' முறையை எடுத்துக்கொண்டார்கள்.

விளைவு? பிரான்சில் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டை அங்கிருந்து ஆசையாக அனுப்பினால், இங்குள்ள சாதாரண யந்திரத்தில் மணப்பெண்ணின் சிவப்புப் பட்டுச் சேலை கறுப்பு வெள்ளையில்தான் தெரியும்! படம் பழுது இல்லை. பெட்டியும் பழுது இல்லை. கம்பெனிகளும் நாடுகளும் ஒரே முறைக்கு வராததுதான் பழுது.

போட்டிக்காரர்கள் கை குலுக்கினார்கள்

இந்த நிலை 1993ல் மாறத் தொடங்கியது.

அமெரிக்காவில் புதுவகை டெலிவிஷனைக் கண்டுபிடிக்கப் பல கம்பெனிகள் தனித்தனியே மோதிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு மே மாதம் அவை ஒன்றுகூடி, 'பெருங் கூட்டணி' அமைத்தன. ஜெனித், பிலிப்ஸ், தாம்சன் முதலிய கம்பெனிகளோடு எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகமும் சேர்ந்தது.

ஐரோப்பாவிலும் அதே ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்புவோர், பெட்டி செய்வோர், செயற்கைக்கோள் நடத்துவோர், அரசாங்க அதிகாரிகள் எல்லாரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு 'டி.வி.பி.' என்று பெயர். இந்தியாவில் கூரை மேல் வட்டத் தட்டு வைத்துப் படம் பிடிக்கிறோமே, அந்தத் தட்டுக்குப் படம் வருவது இவர்கள் வகுத்த முறைப்படிதான். எங்கோ ஐரோப்பாவில் போட்ட கையெழுத்து, வில்லியனூர் மொட்டைமாடிவரை வந்திருக்கிறது!

'டிஜிட்டல்' என்றால் என்ன?

படத்தை எண்களாக மாற்றி அனுப்புவதே டிஜிட்டல் முறை.

செய்தி வாசிப்பவரைப் பாருங்கள். அவர் வாய் அசைகிறது. கண் இமைக்கிறது. பின்னால் இருக்கும் சுவர் அசைவதே இல்லை. பழைய முறையில் அந்தச் சுவரையும் விநாடிக்கு 25 தடவை திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். எவ்வளவு வீண்!

புது முறையில் சுவரை ஒரு தடவை அனுப்பிவிட்டு, "சுவர் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் இப்படி மாறியது" என்று குறிப்பு அனுப்புகிறார்கள். இப்படிச் சுருக்கும் வித்தையை வகுக்க 1988ல் பல நாட்டு விஞ்ஞானிகள் 'எம்பெக்' என்ற குழுவாகக் கூடினார்கள். இதனால் முன்பு ஒரு சேனல் போன இடத்தில் இப்போது பல சேனல்கள் போகின்றன. படமும் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால், அனுப்புகிறவர் எந்த விதப்படி சுருக்குகிறாரோ அதே விதப்படி பெட்டி விரிக்க வேண்டும். அதனால்தான் ஒப்பந்தம் அவசியம்.

கிராமத்துக்கு வந்த விதம்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15ந் தேதி தொடங்கியது. அன்று முதல் நெடுங்காலம் கூரை மேல் நீட்டிய அலுமினியக் கம்பி ஏரியல்தான் கதி. காற்று அடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப வேண்டும். கீழே இருப்பவர், "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்த வேண்டும்.

தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் இலவச டிஷ் சேவையைத் தொடங்கியது. தட்டும் பெட்டியும் ஒரு தடவை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. 2024ல் நாடெங்கும் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இது இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

கேபிளையும் டிஜிட்டலாக மாற்றச் சட்டம் வந்தது. பெருநகரங்களுக்கு முதலில் கெடு வைத்தார்கள். மீதி இருந்த சிற்றூர்களுக்கும் கிராமங்களுக்கும் கடைசிக் கெடு 2017 மார்ச் 31. ஏரியலுக்குப் படம் அனுப்பிய பழைய நிலையங்கள் 2022க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. நாடு முழுவதும் முக்கியமான இடங்களில் சுமார் 50 மட்டும் வைத்துக்கொண்டார்கள். அலுமினியக் கம்பிக்கு விடைகொடுத்தாயிற்று!

பல்பு பொருந்துகிறது, பெட்டி பொருந்தவில்லை

இங்கேதான் ஒரு வேடிக்கை.

எந்தக் கடையில் பல்பு வாங்கினாலும் வீட்டு ஹோல்டரில் பொருந்துகிறது. எந்தக் கம்பெனி செல்போனிலும் எந்த சிம் கார்டையும் போடலாம். ஆனால் ஒரு கேபிள்காரர் கொடுத்த பெட்டி அடுத்த கேபிள்காரரிடம் வேலை செய்யாது. ஒரு டிஷ் கம்பெனியின் பெட்டி இன்னொரு டிஷ் கம்பெனிக்கு உதவாது.

வில்லியனூரிலிருந்து பாகூருக்கு வீடு மாற்றிப் போகிறவருக்கு அந்த ஊரில் வேறு கேபிள்காரர் வாய்த்தால், நன்றாக இருந்த பெட்டி அலமாரியில் தூங்கும். மறுபடி பணம் கட்டிப் புதுப் பெட்டி வாங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் அடிப்படை முறை ஒன்றுதான். ஆனால் திருட்டுத்தனமாகப் பார்ப்பதைத் தடுக்க ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பூட்டுப் போட்டிருக்கிறது. பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பூட்டைக் கழற்றி மாட்டும்படி வைத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2020 ஏப்ரலில் இதையே சிபாரிசு செய்தது. பெட்டியில் பொதுவான ஒரு துளை இருக்கட்டும். கம்பெனியை மாற்றும்போது அதில் செருகும் சிறு கருவியை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும் என்றது. கூடுதல் செலவு, திருட்டு பயம் என்று கம்பெனிகள் ஆட்சேபித்தன. ஆண்டுகள் ஓடின. அலமாரியில் தூங்கும் பெட்டிகள் எழுந்திருக்கவில்லை.

ஒரு நல்ல காரியம் நடந்தது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு தரத்தை வெளியிட்டது. இதன்படி செய்த டெலிவிஷனுக்குள்ளேயே செயற்கைக்கோள் டியூனர் இருக்கும். கூரையில் தட்டு வைத்து வயரைச் செருகினால் இலவசச் சேனல்கள் வரும். தனிப் பெட்டி தேவை இல்லை!

நல்லவாடு சொல்லும் பாடம்

படம் பார்ப்பதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்கலாம். ஆனால் இது பாட்டும் கூத்தும் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கம்பியில்லா ரேடியோ மூலம் கிராமங்களுக்குச் செய்தி போயிற்று. கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற விவரத்தை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26. சுமத்ராவில் கடலுக்கு அடியில் பூகம்பம். நல்லவாடு மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். டெலிவிஷனில் செய்தியைப் பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் செய்தார். "கடல் பொங்கும், ஓடுங்கள்!"

ஊர்க்காரர்கள் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்த ஒலிபெருக்கியில் அலறினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகள் போயின. படகுகள் போயின. ஓர் உயிரும் போகவில்லை!

டெலிவிஷன், டெலிபோன், ஒலிபெருக்கி மூன்றும் கை கோத்ததால் ஓர் ஊர் பிழைத்தது.

செல்போனில் நேரே படம்

2024 நவம்பர் 30ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரம் நின்றது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது.

இப்படிப்பட்ட இரவில் சேதி எப்படி வரும்? மின்சாரம் இல்லாவிட்டால் டெலிவிஷன் இல்லை. பெருமழை பெய்தால் டிஷ் படம் மங்கி மறையும். மிஞ்சுவது செல்போன். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனைத் தட்டினால் கோபுரம் திணறும்.

இதற்கு ஒரு வழி தேடுகிறார்கள். 'டி2எம்' என்று பெயர். டெலிவிஷன் கோபுரத்திலிருந்து செல்போனுக்கு நேரே படம் வரும். சிம் கார்டும் இன்டர்நெட்டும் வேண்டாம்.

வித்தியாசம் இதுதான். இப்போது செல்போனில் படம் பார்ப்பது, ஒரு சேதியை வீடு வீடாகப் போய்ச் சொல்வது போல. ஆயிரம் வீடு என்றால் ஆயிரம் தடவை சொல்ல வேண்டும். புது முறை, கோவில் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொல்வது போல. ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் வேலை ஒன்றுதான்!

கான்பூர் ஐ.ஐ.டி., பிரசார் பாரதி, பெங்களூர் சாங்க்யா லேப்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து இதில் இறங்கின. கல்லூரி, ஒளிபரப்பு நிலையம், சிப் கம்பெனி என்று மூன்று தொழில்களின் கூட்டு. பெங்களூரிலும் டில்லிப் பக்கத்திலும் சோதனை செய்தார்கள். 2025ல் லாவா, எச்.எம்.டி. ஆகிய கம்பெனிகள் இந்தச் சிப் வைத்த போன்களை அறிவித்தன.

எதிர்ப்பு ஏன்?

எல்லாரும் கை தட்டவில்லை. செல்போன் செய்யும் கம்பெனிகள், "புதுச் சிப்பும் ஏரியலும் வைத்தால் போன் விலை ஏறும். உலகத்தில் வேறு எங்கும் பரவாத முறைக்கு நாங்கள் ஏன் தனியாகச் செய்ய வேண்டும்?" என்கின்றன. சேவை நடத்தும் கம்பெனிகளுக்கோ வேறு கவலை. மக்கள் இன்டர்நெட் இல்லாமல் படம் பார்த்தால் டேட்டா விற்பனை என்ன ஆவது? இதே வேலைக்கு '5ஜி பிராட்காஸ்ட்' என்ற மாற்று முறையும் இருக்கிறது.

இவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விலை ஏறினால் முதலில் அடிபடுவது ஏழைதான். டெலிவிஷன் கோபுரத்துக்கும் புயல் இரவில் ஜெனரேட்டர் வேண்டும். ஆனால் பால், செகாம் காலத்தைப் போல ஆளுக்கு ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு நின்றால், யார் ஜெயித்தாலும் மக்கள் தோற்பார்கள். 1993ல் உலகத்துக் கம்பெனிகளால் ஒரே மேஜையில் உட்கார முடிந்தது. இன்றும் முடியும்.

வாங்கும் முன் கேளுங்கள்

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது உண்டு. புது டெலிவிஷன் வாங்கப் போனால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே இருக்கிறதா?

தட்டு மட்டும் வைத்தால் இலவசச் சேனல் வருமா?

கேபிள்காரரையோ டிஷ் கம்பெனியையோ மாற்றினால் இந்தப் பெட்டி உதவுமா, அல்லது திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாமா?

பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். பத்தாயிரம் பேர் கேட்டால் கம்பெனி யோசிக்கும். நாலு கை சேர்ந்து படம் தருகிறது. அந்த நாலு கைக்கும் கூலி கொடுப்பது, பார்க்கிறவரின் ஐந்தாவது கை!