கோணமலைக் கடலில் ஒரு கதைப் பூதம்

அலையோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த ஊரார்க்குக் கடற்பூதக் கதை எதற்கு? மீன் தின்று சலித்தவனுக்கு மீன்படம் காட்டுவது போலல்லவா அது? இப்படி நினைப்பவர், திருகோணமலையில் 1975ஆம் ஆண்டில் நாங்கள் நான்கு மாணாக்கர் ஒரு கிழிந்த புத்தகத்தோடு பட்டபாட்டை அறியாதவர்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் மாமா அங்கே சமையல் வேலை பார்த்தார். கடலாட வந்த வெள்ளைக்காரர் எவரோ விட்டுச் சென்ற ஆங்கிலப் புத்தகமொன்று அவர் கைக்கு வந்தது. அவர் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்தது. வந்தபோதே அது முழுப் புத்தகமன்று. முதுகு பிளந்து, அட்டையும் முன்பகுதித் தாள்களும் மாத்திரமே மிஞ்சியிருந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பொருள் தேடி வாசிக்கத் தொடங்கினோம். ஒரு கதையின் நடுவே 'டிரிங்கோ' என்னும் சொல் தென்பட்டது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊர்! எங்கள் கடல்! அதற்குள்ளே, மூவாயிரம் அடிக்குக் கீழே, ஏதோ ஒன்று இரும்பை முறித்துப் போட்டிருக்கிறது!

பொறியியலாளர் ஒருவர் சிறியதொரு நீர்மூழ்கியில் தனியே இறங்குகிறார். விளக்கை அணைக்கிறார். இருளிலே ஒளிப்புள்ளிகள் தோன்றுகின்றன. அத்துடன் தாள் முடிந்துவிட்டது.

பின்பகுதி எங்கே? விசாரித்ததில், மாமா அதைக் கச்சான் விற்கும் ஆச்சிக்குச் சுருள் சுற்றுவதற்காகக் கொடுத்துவிட்டார் எனத் தெரியவந்தது. அன்று தொடங்கி இரண்டு கிழமை நாங்கள் கச்சான் வாங்கித் தின்றதைப்போல இந்நகரில் வேறெவரும் தின்றிருக்கமாட்டார். கிடைத்த தாள்கள் எல்லாம் வேறு கதைகளுடையவை. எங்களுக்கு வேண்டியிருந்த பக்கங்கள் எந்தப் பிள்ளையின் கைச்சூட்டில் கசங்கி எந்தத் தெருவிற் பறந்தனவோ! முடிவில் நான்கு பேரும் நான்கு முடிவுகளை எழுதினோம். என்னுடையதில் பொறியியலாளர் பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கதையை எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1964இல் முதலில் வெளிவந்த அக்கதையின் பெயர் 'தி ஷைனிங் வன்ஸ்'. ஒளிர்வோர் என நாம் சொல்லலாம். எங்களிடம் சிக்கியது 1972இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுதி. 1917இல் இங்கிலாந்திற் பிறந்து, 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் கொழும்பிலே மறைந்தவர் அவர். விண்வெளிக் கதைகளால் உலகப்புகழ் பெற்ற ஒருவர் இத்தீவுக்கு வந்தது விண்ணைத் தேடியன்று, கடலைத் தேடி. வந்த ஆண்டிலேயே தம் நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக்கு வந்து, சுவாமிமலையின் அடிவாரத்தில் மூழ்கினார். போர்த்துக்கீசர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தகர்த்தெறிந்த கோணேசர் கோயிலின் செதுக்கிய கற்களும் தூண்களும் நீரடியிற் கிடப்பதை அவர்கள் கண்டனர். அந்த அனுபவத்தை 1957இல் 'தி ரீஃப்ஸ் ஒவ் டப்ரபேன்' என்னும் நூலில் கிளார்க் எழுதினார். எங்கள் முன்னோர் கரையில் நின்று கைகூப்பிய இடத்தை ஓர் அயலார் அடியிலிருந்து பார்த்துவந்து சொன்னார் என்பதில் எனக்குச் சிறிது பொறாமையும் உண்டு, மறைப்பானேன்?

அதே 1957இல் வெளிவந்ததுதான் 'தி டீப் ரேஞ்ச்' என்னும் நாவல். கடலைப் பெரியதொரு மேய்ச்சல் நிலமாகவும், திமிங்கிலங்களை மந்தையாகவும், மனிதரை நீர்மூழ்கியில் ஏறிய இடையராகவும் கற்பனை செய்கிறது அது. அதில் இராட்சதக் கணவாய் பிடிபடுகிறது. அதற்குப் 'பேர்சி' என்று செல்லப்பெயரும் இடுகின்றனர். மாகடற் பாம்பைத் தேடிய வேட்டையும் உண்டு. பூதங்களுக்காகவே அதை வாசித்தவர்கள் பலர். நானும் அப்படித்தான் கையில் எடுத்தேன். ஆனால் கதையின் பிற்பகுதியிலே இலங்கைப் பௌத்த தேரர் ஒருவர் தோன்றி, திமிங்கிலத்தைக் கொன்று தின்னும் உரிமையை மனிதனுக்கு யார் கொடுத்தது என்று கேட்கிறார். வேட்டைக்கதை என்று நம்பிப் புகுந்த வாசகன் அங்கே சற்றுத் திகைத்துத்தான் போவான்.

கிளார்க் தம் பூதத்துக்கு ஏன் எங்கள் கடலைத் தெரிந்தெடுத்தார்? இதற்கு விடை புவியியலில் இருக்கிறது. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவின் வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்கி, வங்கக்கடலை நோக்கி இறங்குகிறது. போகப்போக அதன் ஆழம் மூவாயிரம் மீற்றரையும் தாண்டும். மற்ற ஊர்களில் இத்தகைய ஆழத்தைக் காண நெடுந்தொலைவு கடலிற் செல்லவேண்டும். இங்கோ அது வாசற்படிக்கு வெளியே இருக்கிறது. கதையில் வருவது, மேற்பரப்பு நீரின் வெப்பத்துக்கும் ஆழநீரின் குளிருக்கும் உள்ள வேறுபாட்டினால் மின்சாரம் எடுக்கும் நிலையம். கரையோரத்திலேயே கடும் ஆழம் இருந்தாலன்றி அத்தகைய நிலையத்தை எளிதில் அமைக்க இயலாது. கோயிற் கற்களைத் தேடி மூழ்கிய கண்ணே அந்த ஆழத்தையும் கண்டு வைத்திருந்தது.

நாங்கள் அதை வாசித்த நாட்களில் ஒருமுறை, வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் போய், "அப்பு, எங்கட கடலில பூதம் இருக்கோ?" என்று கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பூதம், தம்பி?" "கணவாய். கப்பலளவு கணவாய்." அவர் சிரிக்கவில்லை. "கணவாயெண்டால் கறிக்கு நல்லது. நீ சொல்லுற சைஸ் எண்டால், அது எங்களைக் கறியாக்கும்" என்றுவிட்டு வலையைத் திருப்பிப் போட்டார். இன்றும் கணவாய்க் கறி இலையில் விழும்போதெல்லாம் அந்த மறுமொழி என் காதில் ஒலிக்கிறது.

அவர் சொன்னதில் வேடிக்கை பாதி, வரலாறு பாதி. 1874ஆம் ஆண்டு யூலை மாதம் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், 'பேர்ள்' என்னும் 150 தொன் பாய்க்கப்பல் வங்கக்கடலிற் காற்றின்றி நின்றிருந்தபோது, நீர்மேல் மிதந்த ஒரு பெரும் பொருளைக் கப்பல் தலைவர் துப்பாக்கியாற் சுட்டாராம். அது கணவாய். அது கப்பலை நெருங்கி, கரங்களைப் பாய்மரங்களிடையே வீசிப் பற்றி, கப்பலைச் சரித்து மூழ்கடித்ததாம். கொழும்பிலிருந்து சென்னைக்குச் சென்றுகொண்டிருந்த 'ஸ்ட்ரத்தோவன்' என்னும் நீராவிக் கப்பல், நீரிலே தத்தளித்தவர்களை மீட்டதாம். அச்செய்தியிலுள்ள அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தேசப்படத்தில் குறித்தால், இடம் திருகோணமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றரில் விழுகிறது! இக்கதையை ஐயுறுவோர் பலர். ஐயுறுவதே நேர்மை என்று நானும் கருதுகிறேன். ஆயினும் 1975இல் இதை அறிந்திருந்தால் நாங்கள் இன்னும் எத்தனை கச்சான் சுருள் வாங்கியிருப்போமோ!

பூதத்தை இக்கடலில் வைத்தவர் ஆங்கிலேயர் மட்டும் என எண்ணவேண்டாம். அனுமன் இலங்கைக்குத் தாவியபோது, நிழலைப் பற்றி இழுத்து விழுங்க வாய் திறந்தாளே அங்காரதாரை, அவள் இருந்தது எந்தக் கடலில்? 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம்; அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று அடுக்கிக்கொண்டே போன நம் பழையோரின் கற்பனைக்கு முன், மேனாட்டாரின் கணவாய் சிறு நெத்தலியாகத் தோன்றுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ணும் இப்பக்கம் எட்டிப்பார்த்தவரே. 1869, 1870ஆம் ஆண்டுகளில் அவர் தொடராக எழுதிய 'கடலடியில் இருபதினாயிரம் லீக்' நாவலை வாசித்தவர் எல்லோரும் பேசுவது அதன் கணவாய்ப் போரைத்தான். 1861இல் கனேரித் தீவுகளின் அருகே 'அலெக்டொன்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் இராட்சதக் கணவாயொன்றை எதிர்ப்பட்ட செய்தி, வேர்ணின் கற்பனைக்குத் தீனியாயிற்று. எனக்கோ அந்நூலில் மிகப் பிடித்தது வேறோர் இடம். இலங்கைக்கருகே முத்துக்குளிக்கும் பாரிலே ஏழை இந்தியன் ஒருவனைச் சுறா தாக்க வருகிறது. கப்டன் நீமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காக்கிறார். மூர்ச்சை தெளிந்தவன் கையில் ஒரு முத்துப்பையை வைத்துவிட்டு விலகுகிறார். அந்த ஏழைக்கு நூலாசிரியர் பெயர் இடவில்லை. முத்துக்குளித்த நம்மவர் எத்தனையோ பேரின் முகம் அதில் எனக்குத் தெரிகிறது. அதற்குச் சற்று முன்னர்க் கப்பல் வங்கக்கடலிற் புகும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் பால்போல் ஒளிரும் நீரையும் வேர்ண் காட்டுகிறார். ஒளிர்வது எங்கள் கடலுக்குக் கதைகளில் வழக்கமாகிவிட்டது போலும்.

இவ்வளவு ஆர்வத்தோடு பூதக்கதை வாசிப்பதால் எவருக்கும் தீங்கில்லை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது 'ஜோஸ்'. பீற்றர் பெஞ்ச்லி எழுதிய அந்தச் சுறா நாவல் 1974இல் வெளிவந்து இலட்சோபலட்சம் விற்றது. மறு ஆண்டே திரைப்படமாயிற்று. விளைவு என்ன? சுறா என்றாலே கொல்லவேண்டிய பகை என்று பலர் எண்ணத் தலைப்பட்டனர். தம் கதை ஊட்டிய அச்சத்தைக் கண்டு வருந்திய பெஞ்ச்லி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட நிலாவெளிக்கு அண்மையிலுள்ள புறாத்தீவில், கறுத்த செட்டை நுனியையுடைய சிறு சுறாக்கள் பவளப்பாறைகளிடையே நீந்துவதை இன்று பிள்ளைகள் முகமூடி அணிந்து பார்த்துக் களிக்கின்றனர். மனிதரைக் கண்டால் அவை விலகிப் போய்விடுகின்றன.

பூதம் என்று நாம் எண்ணிய கணவாயின் மெய்யுருவமோ நெடுங்காலம் எவர் கண்ணிலும் உயிரோடு அகப்படவில்லை. 2004இல்தான் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இருவர், ஒகசவாரா தீவுகளுக்கருகே ஆழத்தில் இரையோடு கமராவை இறக்கி, உயிருள்ள இராட்சதக் கணவாயை அதன் இருப்பிடத்திலேயே முதன்முதலாகப் படமெடுத்தனர். அதை நாள்தோறும் தேடித் திரியும் வேட்டைக்காரன் வேறொருவன் இருக்கிறான்: அம்பர் தரும் பெருந்தலைத் திமிங்கிலம். ஆயிரம் மீற்றருக்கும் கீழே மூழ்கி, ஏறக்குறைய ஒரு மணிநேரம் மூச்சையடக்கி, ஆழ்கடற் கணவாய்களைத் தின்று வாழ்வது அது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்னும் பாய்மரப் படகில் வந்த ஆராய்ச்சியாளர், திருகோணமலைக்கு அப்பால் இத்திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து அவற்றின் ஒலிகளைப் பதிவுசெய்தனர். உலகிற் பெரிய உயிரான நீலத் திமிங்கிலத்தையும் இங்கே கண்டனர். அதற்குச் சற்று முன்னே, 1979இல், சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக்கியிருந்தது. கதைத் தேரரின் கேள்வி எழுந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்!

நான் தேடிய முடிவு எனக்கு ஒருநாள் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து, கொழும்பிலே பழைய புத்தகக் கடையொன்றில் நின்றபடியே வாசித்தேன். அது என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை. இனி வாசிக்கப்போகும் மாணாக்கர் என்னைச் சபிப்பர். எங்கள் நான்கு முடிவுகளில் ஒன்றுகூட அதற்கு அருகில் வரவில்லை என்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறேன். அந்த ஒளிப்புள்ளிகள் வெறும் ஒளியல்ல.

அதைச் சொல்லி மகிழ நால்வரில் இருவரே எஞ்சியிருக்கிறோம். மற்றத் தோழனின் பேர்த்திக்கு வயது பன்னிரண்டு. அவளும் கிளார்க்கின் அந்தக் கதையை வாசித்துவிட்டாள். அவளுக்குக் கச்சான் வாங்கவேண்டிய தேவை இருக்கவில்லை, முழுப் புத்தகமே கிடைத்தது. சென்ற வைகாசியில் அவளை அழைத்துக்கொண்டு விடியற்காலையிற் படகேறினோம். கோணேசர் கோயில் சிறுத்துப் புள்ளியாகும் தொலைவில், படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். இடப்புறமாகச் சரிந்த மூச்சு ஒன்று புகைபோல் எழுந்தது. பின்பு அகன்ற வால் மெல்ல உயர்ந்து, ஓசையின்றி உள்ளே போயிற்று. நீர்மேல் எண்ணெய் பூசியது போன்ற ஒரு வட்டம் மிஞ்சியது.

"தாத்தா, அது இப்ப கீழ போய் அதைத்தான் பாக்குதோ?" என்று கேட்டாள்.

"முக்கால் மணித்தியாலம் பொறு, பிள்ளை. வந்தவுடன் கேப்பம்" என்றார் படகோட்டி.

அவள் கைக்கடிகாரத்தை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.