காம்பவுண்டுக்குள் ஒரு மரம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றியுள்ள தெருக்களில் காலையில் நடக்கும்போது எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. கட்டடத்தைப் பார்க்காமல் மரத்தை மட்டும் பார்த்து, அந்த மனையில் முன்பு எப்படிப்பட்ட வீடு இருந்திருக்கும் என்று ஊகிப்பேன். நாலு மாடி அபார்ட்மென்ட்டின் பின்சுவரை உரசியபடி ஒரு கிழட்டு மாமரம் நின்றால், அங்கே ஓட்டுக்கூரை பங்களாவும் அதற்கொரு புழக்கடையும் இருந்திருக்க வேண்டும். கேட்டுப் பக்கம் ஒற்றை சில்வர் ஓக் நின்றால், வண்டி வந்து திரும்ப இடம் விட்ட முன்வாசல்.

1898இல் பிளேக் வந்து நெரிசலான பேட்டைகளை உலுக்கிய பிறகு, நம்மவர்கள் ‘தண்டு’ என்று சொல்லும் கன்டோன்மென்ட்டில் காற்றோட்டமான குடியிருப்புகள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1910இல் ஃப்ரேசர் டவுனுக்கு அடிக்கல் விழுந்தது. பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுனிலும் பழைய வீடுகள் மனையின் நடுவே உட்கார்ந்து, நாலு பக்கமும் மண்ணை விட்டுவைத்தன.

அந்த மண்ணில் என்ன வைப்பது என்பதில் அன்று பெரிய குழப்பம் இல்லை. முன்பக்கம் கண்ணுக்கு: குல்மோஹர், ஜகரண்டா, சில்வர் ஓக். பின்பக்கம் வாய்க்கு: மா, பலா, கொய்யா, பட்டர் ஃப்ரூட், முருங்கை, கறிவேப்பிலை. ஜன்னலோரம் மூக்குக்கு: செண்பகம் அல்லது பவளமல்லி. 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்து லால்பாக்கைக் கவனித்த ஜெர்மானியர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த மரம் பூக்கும்படி ஊரையே வரிசைப்படுத்த நினைத்தார். தண்டு 1947 வரை பிரிட்டிஷார் கையில் இருந்தது உண்மைதான். ஆனால் நாற்றுக்கும் ரசனைக்கும் எல்லைக்கல் ஏது?

அன்றைய தேர்வெல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. மடகாஸ்கரின் குல்மோஹருக்கு வேர் ஆழம் போகாது. ஆப்பிரிக்கத் துலிப்பின் கிளை பலமற்றது. தூங்குமூஞ்சி மரம் குடை விரித்தால் ஒரு மனை போதாது. அவை விழுந்தாலும் வெறும் புல்தரையில் விழ அன்று இடம் இருந்தது. தவறை மண் மன்னித்தது.

இன்று அந்த மன்னிப்பு இல்லை. பங்களா இடிந்து, மனை கூறாகி, முப்பதுக்கு நாற்பது ‘சைட்’டில் வீட்டைச் சுற்றி மிஞ்சுவது சில அடி சந்துதான். அதற்குள்ளேயே சம்ப், போர்வெல், பாதாளச் சாக்கடைக் குழாய். தலைக்கு மேல் மின்கம்பி. அன்று மரம் வைப்பவர் “எவ்வளவு நிழல் தரும்?” என்று கேட்டார். இன்று முதல் கேள்வி, “வேர் எங்கே போகும்?”

பயத்தில் பலர் தரை முழுக்க சிமென்ட் பூசிவிட்டு, தொட்டியில் பாக்குப்பனை வைத்து நிறுத்திக்கொள்கிறார்கள். அவசரக்காரர்கள் ‘வேகமா வளரும்’ என்று நர்சரியில் சொன்னதை வாங்கி வைக்கிறார்கள். வேகமாக வளரும் மரம் பெரும்பாலும் வேகமாகவே முறியும். பத்து வருடத்தில் சுவர் விரிந்த பிறகு வெட்டலாம் என்றால், சொந்த மனையில் நிற்கும் மரத்துக்கும் பொதுவாக அனுமதி வேண்டும். 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. வைக்கும்போதே யோசிப்பது மலிவு.

யோசித்தால் வழி இருக்கிறது. நாலைந்து அடி மண்தான் என்றால் பவளமல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை. பத்துப் பன்னிரண்டடி கிடைத்தால் சரக்கொன்றை, மந்தாரை, நெல்லி. மாமரம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஒட்டுக்கன்று. தசேரியையும் நம் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலி குட்டையாகவே நின்று காய்க்கும். நிஜமாகவே இடம் உள்ளவர்கள் புங்கை வைக்கலாம். வெயில் ஏறும் நேரத்தில் இலையுதிர்த்து உடனே பளபளவென்று துளிர்க்கும். வேரும் ஆழம் தேடும். ஆலும் அரசும் கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் உரியவை. சுவர் இடுக்கில் தானாக முளைத்தாலும் பிஞ்சிலேயே எடுத்துவிட வேண்டும்.

எதை வைத்தாலும் அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண் திறந்திருக்கட்டும். ஏப்ரல், மே மாதக் கோடைமழைக் காற்றில் சாயும் மரங்களை நின்று பாருங்கள். ஒரு பக்க வேரைக் கேபிள் பள்ளம் அறுத்திருக்கும். இன்னொரு பக்கக் கிளையை மின்கம்பிக்காகக் கழித்திருப்பார்கள். காற்றுக்கு மிச்சமிருந்தது கடைசித் தள்ளு மட்டும்தான்.

எந்த மரம் என்பதைவிட எந்த மூலை என்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று வீடும் மரமும் சேர்ந்தே கிழடாயின. இன்று முப்பது வருடத்தில் வீட்டை இடித்துவிடுகிறோம். அப்போதுதான் மரம் வாலிபத்துக்கு வருகிறது. ஆகவே அடுத்துக் கட்டப்போகிறவரும் சட்டப்படி காலியாக விட்டாக வேண்டிய மதிலோர மூலை எது என்று பார்த்து, அங்கே வைக்க வேண்டும். பின்சுவர் உரசும் அந்தக் கிழட்டு மா பிழைத்தது அப்படித்தான். புழக்கடைக் கோடியில் நின்றதால், புதுக் கட்டடம் அதைத் தொடாமலே எழ முடிந்தது.

இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் இதே தெருவில் என் விளையாட்டை ஆடுவார். மதிலோரம் ஒரு புங்கை நின்றால், இங்கே குடியிருந்தவருக்குப் பொறுமை இருந்தது என்று ஊகிப்பார். தொட்டிப் பாக்குப்பனையை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. வீட்டைக் காலி செய்த அன்றே அதுவும் லாரியில் ஏறிப் போயிருக்கும்.