காலப்பெயரும் ஆங்கில இணைப்புச் சொற்களும்

‘அவர் மறந்த நாள்’ என்னும் தொடர் இருபொருள் படுவது. அந்நாளில் எதையோ மறந்தார் எனின் நாள் காலப்பெயர். அந்நாளையே மறந்தார் எனின் செயப்படுபொருள். பெயரெச்சம் கொண்டு முடியும் அறுவகைப் பெயர்களுள் இவ்விரண்டையும் நன்னூல் அடக்குகிறது. எச்சத்தின் வடிவம் வேறுபடுவதில்லை. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை இணைப்புச் சொல்லே காட்டும்.

முதற்பொருளுக்கு ‘வென்’ உரியது. இறுக்கமான உரைநடையில் ‘ஆன் விச்’ வரும். இதன் முன்னிடைச்சொல் பெயருக்கேற்ப மாறும்: ஆண்டு, மாதம் ஆகியவற்றிற்கு ‘இன்’, கணம் என்பதற்கு ‘அட்’. இரண்டாம் பொருளுக்கு முன்னிடைச்சொல் இன்றி ‘விச்’ வரும்; அங்கு ‘வென்’ எனின் பொருள் திரியும். ‘தட்’ இரண்டிற்கும் பொதுவாதலின் ஐயத்தை அகற்றாது.

ஆதலின், மறைந்துநிற்பது ஏழாம் வேற்றுமையோ இரண்டாம் வேற்றுமையோ என்பதைத் துணிந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் இணைப்புச் சொல்லைத் தெரிதல் வேண்டும்.