மடுல்கெல்ல மலையின் விதைத் தேயிலை

இலங்கையின் கண்டி மாவட்டத்து மடுல்கெல்லப் பக்கம் பழைய விதைத் தேயிலை மலையொன்றில் நின்று இலைகளைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் செடிகளே ஒன்றுபோல் இருக்காது. ஒன்றின் இலை அகலமாக, இளம்பச்சையாக, மெத்தென்றிருக்கும். அடுத்ததன் இலை சிறுத்து, கரும்பச்சையாகத் தடித்திருக்கும். முன்னது அசாம் வழி, பின்னது சீன வழி. நடுவில் எத்தனையோ கலப்புகள்.

அசாம் இனம் கொழுந்தை அள்ளித் தரும், கடுங்குளிர் ஆகாது. சீன இனம் உறைபனியையும் தாங்கும்; விளைச்சல் குறைவு. வெப்பம் சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் குருத்து நீள்வது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் மார்கழி, தைக் குளிரில் எந்தச் செடி விடாமல் துளிர்க்கிறது என்பது பெரிய விஷயம்.

இரண்டு குணங்களையும் ஒரே செடியில் சேர்க்கலாம். அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதுதான் கடினம். தேயிலைப் பூவில் அதன் சொந்த மகரந்தம் விழுந்தால் பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு விதையும் புதுக் கலப்பு. விளைச்சலோ கொழுந்தின் எண்ணிக்கை, எடை, துளிர்க்கும் வேகம் என்று பல மரபணுக்களின் கூட்டு வேலை. நல்ல தாய்ச்செடியின் விதையைப் போட்டால், சீட்டுக்கட்டைக் குலுக்கியதுபோல அந்தக் கூட்டு கலைந்துவிடும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, பல பத்தாண்டுகள் இப்படி விதையால்தான் பரவியது.

வழி காட்டியது வெட்டுத்துண்டு. ஒரே இலையும் சிறு தண்டும் போதும். வேர் பிடித்தால் தாயின் மரபணுக்கள் அப்படியே வரும். இதைத்தான் தோட்டத்தில் வீ.பி. தேயிலை என்கிறோம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற இரகம் அப்படிப் பரவி, தோட்டமெங்கும் பேரெடுத்தது.

ஆனால் அந்நிலையத்தின் 2000 வரிசை இரகங்களில் பலவற்றுக்கு மூதாய் ஒன்றே: அசாமிலிருந்து வந்த விதையில் வளர்ந்த ஏ.எஸ்.எம். 4/10. இது எனக்குக் கவலை தருகிறது: ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் வீழ்த்தக்கூடும். இதே மலைகளில் முன்பு கோப்பிதான் இருந்தது. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் அதை அழித்தது. வெட்டுத்துண்டுச் செடிக்கு விதைச்செடியின் ஆணிவேரும் கிடையாது. வறட்சியில் அந்தக் குறை தெரியும்.

விளைச்சல் குறைந்த விதைத் தேயிலையைப் பிடுங்கி வீ.பி. நடுவது நியாயமே. பிடுங்குமுன், குளிரிலும் தளராமல் துளிர்க்கும் செடி எதுவென்று கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேளுங்கள். அதிலிருந்து நாலு துண்டாவது நாற்றுமேடைக்குப் போகட்டும்.