லைசென்ஸும் மகமையும்

திருநெல்வேலிச் சீமையில் மகமை என்ற சொல்லைக் கேட்டிராதவர் அரிது. வியாபாரி தாம் விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைப்பார். அது கோவிலுக்குப் போகும், சத்திரத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும். தென்பாண்டி நாட்டு வணிக ஊர்கள் சிலவற்றில், ஸர்க்காரின் கையை எதிர்பாராமல் பள்ளிக்கூடங்கள் எழுந்தது இந்தச் சில்லறைக் காசினால்தான். கொடுப்பவருக்குப் பாரம் தெரிவதில்லை; ஊருக்கோ ஒரு பள்ளிக்கூடமே கிடைத்து விடுகிறது.

இந்தப் பழைய வழக்கத்தை மோட்டார் வண்டி லைசென்ஸுக்கும் கொண்டு வரலாம் என்பது நமது யோசனை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறோம் என்று சிலர் நகைக்கக் கூடும். அவர்கள் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஒருவர் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது, விருப்பமிருந்தால் கட்டணத்துக்கு மேல் ஒரு டாலர் கொடுக்கலாம். அந்தப் பணம் கண் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் செலவாகிறது. விருப்பமில்லாதவர் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய லைசென்ஸுக்கு அதனால் ஒரு குறைவும் வராது. நமக்கும் இம்முறை முற்றிலும் புதிதன்று. நமது லைசென்ஸ் மனுவிலேயே, விபத்தில் உயிர் நீங்க நேர்ந்தால் உடல் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா என்ற கேள்வி இருக்கிறது. உறுப்பையே கேட்கத் துணிந்த காகிதம், பத்து ரூபாயைக் கேட்கக் கூச வேண்டியதில்லை அல்லவா?

அந்தப் பத்து ரூபாய் யாருக்கு என்று கேட்டால், காது கேளாதோருக்கு என்போம். அதற்குத் தக்க காரணம் உண்டு. லைசென்ஸ் ஆபீஸின் கதவு அவர்களுக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது. ஹாரன் சத்தம் காதில் விழாதவர் வண்டி ஓட்டுவது ஆபத்து என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. வண்டி ஓட்டுவதில் பெரும் பங்கு கண்ணுடையது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2011-ஆம் வருஷத்தில் டில்லி உயர் நீதிமன்றம், மற்றவர்களைப் போல அவர்களையும் பரீட்சித்து, தேறியவர்களுக்கு லைசென்ஸ் அளிக்க வழி திறந்தது. மத்திய ஸர்க்காரின் போக்குவரத்து மந்திரி இலாகா 2016-இல் அதற்கு இசைவான உத்தரவை எல்லா ராஜ்யங்களுக்கும் அனுப்பியது. மற்றவர்கள் கேளாமலே பெற்ற உரிமையை இவர்கள் வழக்காடிப் பெற வேண்டியிருந்தது.

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, காது கேளாத குறையுடையோர் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களுக்குக் கல்வி புகட்டும் முயற்சியில் நமது ஜில்லா பின்தங்கியதன்று. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி, இந்நாட்டில் இத்தகைய பள்ளிகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. சைகை மொழியும் வளர்ந்து வருகிறது. 2015-இல் டில்லியில் ஏற்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், 2018-இல் மூவாயிரம் சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021-இல் பதினாயிரம் சொற்களாகப் பெருகிற்று.

ஆனால் இத்தகைய ஒரு பள்ளியில் படித்துத் தேறிய பெண் ஒருத்தி, ரயிலேறி அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பி வந்து விடுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். பிறகு என்ன? வைத்தியரிடம் தன் நோயைச் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் பட்டாவைப் பற்றி விசாரிக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுக்க வேண்டியும் வரலாம். அங்கெல்லாம் அவள் சைகையை அறிந்தவர் யார்? அண்ணனோ மாமியாரோ கூடப் போய் எடுத்துச் சொல்ல வேண்டியதுதான். மாமியாரை நடுவில் வைத்துக் கொண்டு மருமகள் தன் உடல் உபாதையை வைத்தியரிடம் மனம் விட்டுச் சொல்வாளா? வீட்டிலுள்ள ஒருவர் மீதே புகார் என்றால், அந்த வீட்டாரையே எப்படித் துணைக்கு அழைத்துப் போவாள்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தாலுகாவுக்கு ஒருவராவது இருந்தால், நேரில் இயலாதபோது வீடியோ டெலிபோன் மூலமாவது கிடைத்தால், அவள் வாழ்க்கையே வேறாகிவிடும்.

"இது ஸர்க்காரின் கடமையாயிற்றே, நம் பையில் ஏன் கை வைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் கடமையை ஸர்க்காரின் மீது சுமத்தியே இருக்கிறது. விருப்பக் கொடை அந்தக் கடமையிலிருந்து நழுவுவதற்கு ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. அதே சட்டம் தேசிய நிதி ஒன்றை ஏற்படுத்தி, நன்கொடை பெறவும் அதற்கு இடமளிக்கிறது. ராஜ்யங்களும் தத்தம் நிதியை ஏற்படுத்த வேண்டும் என்கிறது. எனவே, பணத்தைப் போட்டு வைக்கப் பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

அந்தத் தேசிய நிதியின் பூர்வ கதை ருசிகரமானது. ஒரு காலத்தில் வங்கிகள், கடன் வாங்கியவர்களிடம் வட்டி வரி வசூலித்தபோது, பின்னத்தை மேலே முழுமையாக்கிச் சற்று அதிகமாகவே வாங்கிவிட்டன. அந்த அதிகப்படிப் பணத்தை மாற்றுத் திறனாளிகளின் நலனுக்கான நிதியில் செலுத்தும்படி 2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. கொடுத்தவர்கள் அறியாமலே கொடுத்த சில்லறை அது! அறியாமல் கொடுத்ததே ஒரு நிதிக்கு வித்தாகுமானால், அறிந்து மனமுவந்து கொடுப்பது எவ்வளவு ஆகும்?

ஆயினும் மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவது, கொடை மெய்யாகவே விருப்பக் கொடையாக இருக்க வேண்டும். "நன்கொடைச் சீட்டை வாங்கினால்தான் மனு நகரும்" என்ற நிலை வந்தால், அது தருமத்தின் பெயரால் நடக்கும் பறிப்பு. இரண்டாவது, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கு வருஷந்தோறும் அதே ஆபீஸின் சுவரில் தொங்க வேண்டும். மகமைக் கணக்கை ஊர் கேட்கும். இதையும் கேட்க வேண்டும். மூன்றாவது, எந்தச் சேவை முதலில் வேண்டும் என்பதைக் காது கேளாதோரே சொல்ல வேண்டும். அவர்களைக் கேளாமல் அவர்களுக்கு உபகாரம் செய்ய முற்படுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது.

லைசென்ஸ் மனுவில் இந்த ஒரு வரி சேர நாளாகலாம். அதற்குள் நம் இல்லங்களில் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. அந்தச் சைகை அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. "வாருங்கள்", "தண்ணீர்", "எங்கே வலிக்கிறது?" என்று நாளைக்கு இரண்டாகக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பழகலாம். அடுத்த தெருவில் இருக்கும் காது கேளாத ஒருவரிடம் போய், கற்றது சரிதானா என்று அவரையே கேட்டுத் திருத்திக் கொள்ளலாம். இந்த மகமைக்கு ரூபாயும் வேண்டாம், ரசீதும் வேண்டாம்.